வலப்பக்கம் வைத்த விளக்கு

இரும்புலியூர், தாம்பரம்
12 ஜனவரி 2007

திரு. சூர்யநாராயணன் அவர்களுக்கு,

துர்கா எழுதுவது. எந்த துர்கா என்று கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன். தாம்பரம் சானட்டோரியம் பகுதியில் நம் வரைபட ஆபீஸில் மூன்று வருஷம் உங்களுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவள். நீங்கள் இத்தாலிக்கு விமானம் ஏறியதிலிருந்து பதினாறு மாதமாக உங்கள் போனை எடுக்காதவள். கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வேலை விஷயமாக மட்டும் எழுதுகிறேன். ஆபீஸ் மெயிலில் அனுப்பினால் உங்களுக்கு முன்னால் மேனேஜர் லோகநாதன் சார் படித்துவிடுவார் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

வெர்தானி கம்பெனியின் ஐம்பதாம் வருஷ வரலாற்றுப் புத்தகத்துக்காக நீங்கள் அங்கிருந்து ஸ்கேன் செய்து அனுப்பும் பழைய பென்சில் படங்களை இங்கே நான்தான் கம்ப்யூட்டரில் மறுபடி வரைகிறேன். நாற்காலி, மேஜை, அலமாரி, விளக்கு என்று இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள் முடிந்துவிட்டன. அதில் பதினான்காம் நம்பர் மேஜை விளக்கு இருக்கிறதே, கம்பெனிக்கே பெயர் வாங்கிக் கொடுத்த விளக்கு, அதை முதலாளி ஒரேஸ்தே வெர்தானி 1963இல் வரைந்தார் என்று உங்கள் குறிப்பு சொல்கிறது. அவர் வரையவில்லை.

படத்தில் ஒரு பொருளின் இருட்டான பக்கத்தைக் காட்ட வரிசையாகச் சாய்கோடு போடுவோம், தெரியும்தானே? சோத்தாங்கைக்காரர் போட்டால் அந்தக் கோடு கீழே இடது ஓரத்தில் தொடங்கி மேலே வலது பக்கம் சாயும். என்னைப் போன்ற பீச்சாங்கைக்காரி போட்டால் நேர் எதிராகச் சாயும். மூன்று வருஷம் என்னைப் 'பீச்சாங்கை' என்றே கூப்பிட்டீர்கள், ஆகவே உங்களுக்கு இது புரிய வேண்டும். விளக்குப் படத்தில் ஒவ்வொரு நிழல் கோடும் என் பக்கம் சாய்கிறது. நீங்கள் அனுப்பிய புகைப்படங்களில் முதலாளி வலது கையால் கையெழுத்துப் போடுகிறார்.

இன்னொன்று. முதல் படத்தில் விளக்கு மேஜையின் வலது ஓரத்தில் நிற்கிறது. வலது கையால் வரைகிறவர் விளக்கை அங்கே வைக்கவே மாட்டார், கையின் நிழல் தாளில் விழும். நான் வீட்டில் விளக்கை வலப்பக்கம் வைத்த அன்றைக்கு என் அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னாடி இது, வெளக்க அந்தாண்ட வெச்சிகினு கீற? பாக்கறவங்க சிரிக்கப் போறாங்க." அந்தப் படத்தை வரைந்தவரையும் யாராவது அப்படிக் கேட்டிருப்பார்கள்.

ஏழு தாள்களின் பின்பக்க மூலையில் எல்.எஸ். என்று சின்னதாக இருக்கிறது. அது யார் என்று தேடுங்கள். புத்தகம் ஜூன் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் அந்தப் பெயர் அதில் ஏற வேண்டும்.

வரைந்தவர் என்ற கட்டத்தில் வேறு ஆளின் பெயர் இருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
த. துர்கா


மிலான் அருகே
30 ஜனவரி 2007

அன்புள்ள துர்கா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். முதல் வரியைப் படித்ததும் அது போய்விட்டது. 'திரு' போட்டு என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாய்.

முதலில் நம் விஷயம். 2005இல் வெர்தானிக்காரர்கள் நம் ஆபீஸிடம் கையால் வரைந்த ஒரு நாற்காலிப் படம் மாதிரிக்குக் கேட்டார்கள். நீ வரைந்தாய். அதன் கீழே எஸ்.என். என்று என் முதலெழுத்தைப் போட்டேன். வெளியே போகும் எல்லாத் தாளிலும் டீம் லீடரின் முதலெழுத்துதான் இருக்க வேண்டும் என்பது லோகநாதன் சார் வைத்த வழக்கம், உனக்கும் தெரியும். வழக்கப்படி செய்ததை நீ திருட்டு மாதிரி பேசுவது எனக்கு வலிக்கிறது.

இப்போது உன் எல்.எஸ். பழைய சம்பளப் பதிவேட்டில் தேடினேன். லிதியா சால்வி, 1960 முதல் 1971 வரை வேலை. பதவி: 'நகல் எடுப்பவர்'. கம்பெனியின் கதையை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. 1957இல் ஒரேஸ்தே வெர்தானி ஒரு கொட்டகையில் பள்ளிக்கூட பெஞ்சு செய்து ஆரம்பித்தார். மூன்று வருஷத்தில் மெல்லிய பலகைகளை ஒட்டி வளைத்து நாற்காலி செய்யக் கற்றுக்கொண்டார்கள். பிறகு பள்ளிக்கூட ஆர்டர்கள் நின்று, கொட்டகையை விற்கும் நிலை வந்தது. அப்போது வந்ததுதான் பதினான்காம் நம்பர். பல்பு கண்ணில் படாமல் வெளிச்சம் மட்டும் தாளில் விழும். இரண்டே வருஷத்தில் பாதி ஐரோப்பாவின் மேஜைகளில் அது நின்றது. அதற்குப் பிறகு வந்த சோபா, தொங்கும் விளக்கு, கண்ணாடி மேஜை எல்லாம் அந்த விளக்கின் புண்ணியத்தில் வந்தவை. அதை அப்பா வரைந்தார் என்பதில்தான் மகன் மார்கோவின் பெருமை முழுக்க இருக்கிறது. இப்போது அவர்தான் இயக்குநர்.

அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "லிதியா அப்பாவின் படங்களைச் சுத்தமாக நகல் எடுத்தவர், அவ்வளவுதான்" என்றார். நான் மேலே கேட்கவில்லை. ஜூனில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். என் அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், தங்கை ஸஹானா பொத்தேரி காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கொஞ்சம் என் பக்கமும் யோசி.

சூர்யா


இரும்புலியூர்
14 பிப்ரவரி 2007

திரு. சூர்யநாராயணன் அவர்களுக்கு,

உங்கள் பக்கம் யோசித்தேன். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஸஹானா நன்றாகப் படிக்கட்டும், அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் வழக்கம் என்ற சொல்லை என்னிடம் கொண்டு வராதீர்கள். முதலெழுத்துப் போட்டது வழக்கம். 'இதை வரைந்த ஆளை இங்கே அனுப்புங்கள்' என்று அவர்கள் எழுதியபோது நீங்கள் பெட்டி கட்டியதும் வழக்கமா?

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேம்ப் ரோட்டு மீன் கடையில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டே கேட்டாள். "அவன் கையெய்த்து போட்டா நீ வரஞ்சது அவன்து ஆயிடுமா? நீ இன்னாத்துக்கு அன்னிக்கே கேக்கல?" அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். இந்த முறை கேட்காமல் விட மாட்டேன்.

லிதியா நகல் எடுத்தார் என்றால், எதைப் பார்த்து எடுத்தார்? விளக்குக்கு மொத்தம் ஒன்பது படங்கள் இருக்கின்றன. முதல் படத்தில் அடித்தல் திருத்தல், ரப்பரால் அழித்த தடம், கழுத்தின் வளைவை நாலு விதமாகப் போட்டுப் பார்த்தது எல்லாம் இருக்கிறது. நகல் எடுப்பவர் எதற்குத் தடுமாற வேண்டும்? ஒன்பதிலும் ஒரே கைதான்.

இப்போது நான் வெட்கத்தோடு எழுத வேண்டிய ஒன்று. நம் ஆபீஸ் சாஃப்ட்வேரில் நிழல் கோடு போடும் வசதி எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்க்கும், சோத்தாங்கைப் பக்கம். எட்டு மாதமாக நான் அதைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன். பழைய படங்களில் இடது பக்கம் சாய்ந்தவை அறுபத்துநான்கு. அறுபத்துநான்கையும் நானே வலது பக்கம் திருப்பியிருக்கிறேன். பீச்சாங்கைக்காரியான நானே அந்த அம்மாவின் கையைப் புத்தகத்திலிருந்து அழித்துவிட்டேன்.

லோகநாதன் சாரிடம் போய் அறுபத்துநான்கையும் மறுபடி வரைகிறேன் என்றேன். "ஸ்டாண்டர்டுன்னு ஒண்ணு இருக்கும்மா. நாம பாட்டுக்கு மாத்தினா கிளையண்ட் கேப்பான்" என்றார். "அசலில் உள்ளபடியேன்னு ஒப்பந்தத்துல இருக்கு சார். இவ்ளோ நாளா நாமதான் மாத்திட்டு இருந்தோம்" என்றேன். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனிக்கிழமை வந்து செய். ஓவர்டைம் எல்லாம் கேக்காதே" என்றார். கேட்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த லிதியா உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் நேரில் போங்கள்.

த. துர்கா


மிலான் அருகே
22 மார்ச் 2007

அன்புள்ள துர்கா,

இருக்கிறார். எழுபத்தொன்பது வயது. தொழிற்சாலையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தேன். நாலாவது ஞாயிறு மணியை அடித்தேன்.

'இந்தியாவில் ஒரு பெண் உங்கள் கோடுகளைப் பார்த்து, இது இடதுகை என்று சொன்னாள்' என்று என் அரைகுறை இத்தாலியனில் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாற்பத்துநாலு வருஷமாக இங்கே யாரும் பார்க்கவில்லை" என்றார். அவர் படித்த பள்ளியில் கன்னியாஸ்திரிகள் இடது கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி வைத்து வலது கையால் எழுதப் பழக்கினார்களாம். எழுத்து வலது கைக்குப் போய்விட்டது. வரைவதை மட்டும் வீட்டில் ஒளிந்து இடது கையாலேயே செய்திருக்கிறார். அதனால்தான் படத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விளக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். "எனக்கு ஒரு விளக்கு வேண்டியிருந்தது. ஆபீஸில் எல்லா விளக்கும் இடப்பக்கம் திருகி வைத்திருந்தார்கள். என் கை எனக்கே இருட்டு அடித்தது" என்றார்.

பெரிய முதலாளி கெட்டவர் இல்லையாம். ஒப்புதல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார், வரைந்தவர் கட்டம் அந்தக் காலத் தாளில் கிடையவே கிடையாது. பத்திரிகைக்காரர்கள் வந்து 'நீங்கள்தான் வரைந்தீர்களா' என்று கேட்டபோது அவர் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். இதைக் கேட்டுக்கொண்டு நான் காபிக் கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இந்த வயதில் 'எனக்கெதற்கு' என்பார் என்று எதிர்பார்த்தேன். "என் பெயரைப் போடச் சொல்" என்றார். இரண்டு முறை சொன்னார். வாசலில் உன்னைப் பற்றிக் கேட்டார். "அந்தப் பெண்ணையும் அடித்தார்களா?"

மார்கோவிடம் போனேன். "வயதானவர்கள் நாற்பது வருஷம் கழித்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், மறுக்க அப்பா இல்லை. சான்று கொண்டு வா" என்றார். என்னிடம் இருக்கும் சான்று உன் கண் மட்டும்தான். அவரிடம் உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

சூர்யா


இரும்புலியூர்
5 ஏப்ரல் 2007

சூர்யநாராயணன் சார்,

'திரு'வை எடுத்துவிட்டேன், நாலாவது ஞாயிறு மணியை அடித்ததற்காக.

லிதியா அம்மாவிடம் சொல்லுங்கள். அடித்தார்கள். கானாத்தூர் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு, மர ஸ்கேல், விரல் முட்டியில். வீட்டுக்கு வந்தால் அம்மா, "பீச்சாங்கையால துட்டு குடுத்தா எவ மீனு வாங்குவா?" என்று இன்னொரு தட்டு தட்டுவாள். நான் எழுதுவதையும் விட்டுக் கொடுக்கவில்லை. இந்தக் கடிதமும் இடது கையால்தான், அதனால்தான் மை இழுபட்டிருக்கிறது.

அறுபத்துநான்கு படமும் முடிந்தது. ஏழு சனிக்கிழமை, எல்லா நாளும் சாப்பாட்டு நேரம். சாஃப்ட்வேர் வசதியைத் தொடவே இல்லை, ஒவ்வொரு கோடாகப் போட்டேன். கடைசியாகப் பதினான்காம் நம்பர். விளக்கின் கழுத்தில் நூற்றுப் பதினெட்டுக் கோடுகள். அவற்றைப் போடும்போது என் மணிக்கட்டு எந்த இடத்தில் வலித்ததோ அங்கேதான் அவருக்கும் வலித்திருக்கும் என்று தோன்றியது. அழுகை வந்தது. ஒளிக்கப் போவதில்லை, எழுதுகிறேன்.

நேற்று சி.டி.யில் அனுப்பியாயிற்று. கடைசிச் சரிபார்ப்பு உங்களுடையது. ஒரு பட்டனை அழுத்தினால் அறுபத்துநான்கும் ஒரே நிமிஷத்தில் சோத்தாங்கைப் பக்கம் திரும்பிவிடும். அழுத்தினால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள், ஒப்பந்தமும் நீளும். அழுத்தாவிட்டால் மார்கோ கட்டாயம் கேட்பார். அப்போது பேச வேண்டியது நீங்கள்தான். நான் இங்கே தாம்பரத்தில் இருக்கிறேன், அங்கே வந்து பேச என்னை யாரும் கூப்பிடவில்லை.

துர்கா


மிலான் அருகே
20 மே 2007

அன்புள்ள துர்கா,

அழுத்தவில்லை.

மூன்று நாள் அந்தப் பட்டனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு அப்படியே அச்சுப் படிக்கு அனுப்பினேன். போன புதன்கிழமை மார்கோ கூப்பிட்டார். மேஜை முழுக்கப் படங்களைப் பரப்பி வைத்திருந்தார். "ஏன் இத்தனை படங்கள் தப்பான பக்கம் சாய்ந்திருக்கின்றன?" என்று கேட்டார். அசலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அசலிலும் அப்படித்தான் என்று காட்டினேன். இது இடதுகைக்காரரின் கோடு, உங்கள் அப்பா வலதுகைக்காரர், லிதியா இடதுகை, விளக்கு நிற்கும் இடத்தைப் பாருங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதியதைத்தான் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உன் நாற்காலி. சென்னையிலிருந்து வந்த முதல் படம் என்று 2005இலேயே கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். ஒவ்வொரு நாளும் அதன் முன்னால் போய் நிற்கிறேன், கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

"இதுவும் இடது பக்கம்தான் சாய்கிறது. கீழே உன் முதலெழுத்து. நீ வலது கையால் எழுதுவதை நான் தினமும் பார்க்கிறேன். அப்புறம் சாய்வை வைத்து என்ன நிரூபிக்கப் பார்க்கிறாய்?" என்றார்.

அதற்குப் பதில் இருந்தது, துர்கா. அதைச் சொன்னால் லிதியாவின் பெயர் ஏறும், என் பெயர் போகும். சொல்லாவிட்டால் லிதியா பொய் சொன்னவர் ஆகிவிடுவார். இரண்டாம் மாடியில் அவர் இரண்டு முறை சொன்னது ஞாபகம் வந்தது.

"இதை நான் வரையவில்லை" என்றேன். "என் பக்கத்து மேஜைப் பெண் வரைந்தாள். அவள் இடதுகைக்காரி. வரைந்தவரைத்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று தெரிந்தே நான் வந்தேன். இந்த அறுபத்துநான்கு படங்களையும் அவள்தான் வரைந்தாள். சாய்வைக் கண்டுபிடித்ததும் அவள்தான்." வழக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

மார்கோ உன் நாற்காலியையும் அப்பாவின் விளக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் தானே பத்துக் கோடு போட்டார். வலது பக்கம் சாய்ந்தன. இடது பக்கம் சாய்த்துப் போட முயன்றார், கோணல்மாணலாக வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்தே, "அவள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்" என்றார். உன் பெயரைச் சொன்னேன்.

லிதியாவின் பெயர் புத்தகத்தில் வருகிறது. வெள்ளிக்கிழமை மார்கோவே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். என் ஒப்பந்தத்தை வெளியீட்டு விழாவுக்காக அக்டோபர் கடைசி வரை மட்டும் நீட்டுகிறார்கள், அதற்கு மேல் புதுப்பிக்க மாட்டார்கள். "பொய்யாகப் பெயர் போட்டவனைப் பழைய தாள்களுக்குக் காவல் வைக்க முடியாது" என்றார். அதில் தப்பே இல்லை. அப்பாவிடம் போனில் சொன்னேன். "சரி, ஊருக்கு வா" என்றார்.

2005இல் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன். நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு.

சூர்யா


இரும்புலியூர்
3 அக்டோபர் 2007

சூர்யா சார்,

புத்தகம் திங்கட்கிழமை வந்தது. நாலு கிலோ இருக்கும். லோகநாதன் சார் கத்தரிக்கோலைத் தேடுவதற்குள் நான் பல்லால் டேப்பைக் கிழித்துவிட்டேன். எண்பத்தொன்பதாம் பக்கம். 'பதினான்காம் நம்பர் விளக்கு, 1963. வரைந்தவர்: லிதியா சால்வி.' கீழே சின்ன எழுத்தில் 'மறுவரைவு: த. துர்கா, தாம்பரம்'. மெட்ராஸ் என்றோ சென்னை என்றோ போடாமல் தாம்பரம் என்று போடச் சொன்னது நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

அம்மாவிடம் காட்டினேன். மீன் கையைத் துடைத்துவிட்டு விரலால் கோடுகளைத் தடவிப் பார்த்தாள். "இது அந்தக் கெழவி போட்டதா, நீ போட்டதா?" என்றாள். அவங்க போட்டதை நான் போட்டேன் என்றேன். என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சின்னதுல ரொம்ப அடிச்சிட்டன்ல?" என்றாள்.

லிதியா அம்மா எனக்காக அனுப்பிய பதினான்காம் நம்பர் விளக்கும் அதே பார்சலில் வந்தது. வலப்பக்கம் வைத்திருக்கிறேன். என் கை எனக்கு இருட்டு அடிக்கவில்லை என்று அவருக்கு எழுதி இதே உறையில் வைத்திருக்கிறேன். நீங்கள் கிளம்பும் முன் ஒருமுறை போய் அதைப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று நான் எழுத மாட்டேன். இரண்டு வருஷம் தாம்பரம் ரயிலில் நின்றுகொண்டே அழுதிருக்கிறேன், அதெல்லாம் ஒரு கடிதத்தில் போய்விடாது. ஆனால் அந்த அறையில் உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சட்டென்று ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

நீங்கள் வேலை தேடுவதாக ஸஹானா சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லி மார்கோ ஆபீஸுக்கு எழுதிய கடிதத்துக்குப் பிறகு லோகநாதன் சார் ஆபீஸ் தாளையே மாற்றிவிட்டார். இப்போது கீழே இரண்டு கட்டம். வரைந்தவர், சரிபார்த்தவர். என்னை டீம் லீடர் ஆக்கியிருக்கிறார். சரிபார்த்தவர் கட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். "அவனா?" என்றார். "தப்பை ஒத்துக்கிட்டு வேலையை விட்டவர் சார், அவரைவிட நல்லா யார் சரிபார்ப்பாங்க?" என்றேன்.

நவம்பர் பதினைந்தாம் தேதி வாருங்கள். உங்கள் பழைய மேஜையில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் பக்கத்து மேஜையில் உட்காரலாம். ஒவ்வொரு படமும் முதலில் உங்களிடம்தான் வரும். உங்கள் கட்டத்தில் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். என் கட்டத்தைத் தொட்டால் பீச்சாங்கையாலேயே ஒன்று விழும்.

துர்கா